பதினோராவது டப்பா

பிப்ரவரி 3, செவ்வாய்

எங்கள் ஆஸ்பத்திரி வைரஸ் ஆய்வகத்தின் காலைக் கூட்டத்தில் துறைத்தலைவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார்: "பேதியோட வர்ற குழந்தைங்க சாம்பிள் ஃப்ரீசர் கொள்ளாம இருக்கு. நல்லா இருக்கற குழந்தையோடது ஒண்ணுகூட இல்ல. எதை எதோட ஒப்பிடறது?"

நியாயமான கவலைதான். வயிற்றுப்போக்கோடு வந்த குழந்தையின் மலத்தில் ஒரு வைரஸ் அகப்பட்டால், அதுதான் செய்தது என்று உடனே எழுதிவிட முடியாது. கூட்டத்தில் நின்றவனெல்லாம் திருடனா? ஓடியாடித் திரிகிற குழந்தையின் குடலிலும் அதே ஆசாமி காலை நீட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கலாம். அதைப் பார்த்துவிட்டுத்தான் பழி போட வேண்டும்.

"யாருக்காவது குழந்தைங்க இருக்கற இடம் தெரியுமா?" என்றார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பின. என் தம்பி மனைவி வீட்டிலேயே பகல் காப்பகம் நடத்துகிறாள் என்பதை இவர்களிடம் எந்த வாயால் சொல்லித் தொலைத்தேனோ.

நாற்பத்தைந்து வயதில், முதுகலைப் பட்டத்தை வைத்துக்கொண்டு, சொந்தக்காரி வீட்டு வாசலில் போய் நின்று இதைக் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 5, வியாழன்

கேட்டுவிட்டேன்.

அவளை எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். குழந்தைகள், அவர்களின் அம்மாக்கள், பால் கொண்டுவருகிறவர், இப்போது நானும். எங்களுக்குள் சண்டை என்று ஒன்றும் கிடையாது. மரியாதை அதிகம், அதுதான் தொந்தரவு. நான் உள்ளே நுழைந்தால் பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்து ஒளித்து வைப்பாள். "நீ ஒரு வீட்டுக்குள்ள போனா கரப்பான்பூச்சிகூட தலை வாரிக்கிட்டு நிக்கும்" என்பார் என் வீட்டுக்காரர்.

தம்பிக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் பாதி கடலில். அந்தக் காப்பகம் முழுக்க முழுக்க அவளுடையது. முன்னறையில் பாய்கள், பன்னிரண்டு குழந்தைகள், பதினாறு பேர் சத்தம்.

விஷயத்தைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கல்யாணமாகி வந்ததுலேருந்து இன்னிக்குத்தான் அண்ணி என்கிட்ட ஒண்ணு வேணும்னு கேக்கறீங்க. அதுவும் போயும் போயும் இதையா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் உள்ளே சுருக்கென்றது. இதுவரை எதையுமே கேட்டதில்லையா நான்?

பிப்ரவரி 7, சனி

அம்மாக்களிடம் சம்மதம் வாங்கப் போனேன். யார் முடிவையும் தனியாகச் சொல்லமாட்டோம், மொத்தக் கணக்கைக் கடைசியில் எல்லோருக்கும் சொல்வோம் என்று விளக்கினேன். அந்த விதியை எழுதியவளே நான்தான். ஒப்பிப்பதில் ஒரு பெருமை.

ஓர் அம்மா, "வலிக்குமா?" என்று கேட்டார். எது வலிக்கும் என்று நினைத்தாரோ.

வங்கியில் அதிகாரியாக இருக்கும் அம்மா காகிதத்தை வரி வரியாகப் படித்தார். "தனியா ரிசல்ட் கிடையாதா? அப்போ எங்க பொண்ணு எப்படிப் பண்ணியிருக்கான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இதுல பாஸ், ஃபெயில் கிடையாதுங்க."

"இருந்தாலும்..." என்றார். மகளுக்கு மூன்று வயதுதான். மதியச் சாப்பாடுகூட மிஸ் கையால் வேண்டாம் என்று வீட்டிலிருந்தே மூன்றடுக்கு டப்பாவில் கொடுத்தனுப்புகிற வீடு. அந்தப் பெண்ணை மிஸ் 'குட்டி ஆபீசர்' என்பாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

டப்பாக்கள் வந்து சேர்ந்தன. ஒன்று பிஸ்கட் டின்னுக்குள். ஒன்று செய்தித்தாளில் மூன்று சுற்று. குட்டி ஆபீசருடையது நகைக்கடையின் சிவப்பு வெல்வெட் பைக்குள், சுருக்குக் கயிறு இழுத்து முடிந்து.

அதைத் திறக்கும்போது மூக்குத்தியை எதிர்பார்த்தேன்.

எண் ஒட்டினேன். பதினொன்று. யார் என்ன எண் என்பதைப் பரிசோதிக்கிறவள் அறியக் கூடாது. ஆனால் எங்கள் தொழில்நுட்பப் பெண் பிரசவ விடுப்பில் போயிருக்கிறாள். வாங்குவதும் நான், பரிசோதிப்பதும் நான். மறந்துவிடலாம் என்று நினைத்தேன். வெல்வெட் பையை எப்படி மறப்பது?

பிப்ரவரி 13, வெள்ளி

பன்னிரண்டில் நான்கு குழந்தைகளிடம் ஏதோ ஒரு வைரஸ். நான்கும் ஆரோக்கியமான குழந்தைகள்; விழுந்து விழுந்து விளையாடுகிறார்கள். துறைத்தலைவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பார்த்தீங்களா, பார்த்தீங்களா" என்று அறைக்குள்ளேயே நடந்தார்.

கணினித் திரையில் என் மருமகள், மிஸ்ஸின் பெண் வாண்டுவின் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. ஒன்றுமே இல்லை. அத்தைக்கு அப்படி என்ன பெருமை? பாஸ், ஃபெயில் கிடையாது என்று போன வாரம் யார் சொன்னது?

வைரஸ் இருந்த மற்ற மூன்றும் மெதுவாக ஏறின; பதினொன்று மட்டும் சரசரவென்று மேலே ஏறியது. நோரோ. வாந்தியும் பேதியும் கொண்டுவருகிற வைரஸ். ஏராளமாக.

என்றைக்கோ வந்து போன தொற்றாக இருக்கலாம். வைரஸ் மலத்தோடு வாரக்கணக்கில் வெளியே போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை, மருந்தும் தேவையில்லை. சொல்லி ஆகப்போவதும் ஒன்றுமில்லை – எல்லோரையும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்வதைத் தவிர.

பிப்ரவரி 14, சனி

காப்பகத்துக்குப் போய் மிஸ்ஸிடம் சொன்னேன். "எல்லாக் குழந்தைக்கும் சோப்புப் போட்டு நல்லா கை கழுவி விடு. பாத்ரூம் போய்ட்டு வந்தா கட்டாயம். இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாவே."

"சரி அண்ணி."

அந்த "சரி அண்ணி" எனக்குத் தெரியும். ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டே சொல்கிற சரி.

பிப்ரவரி 17, செவ்வாய்

வாண்டு காலையில் பாலை அப்படியே வாந்தி எடுத்தாளாம். "பால் பிடிக்கலையோ என்னவோ" என்றாள் மிஸ், போனில்.

பிப்ரவரி 18, புதன்

காரணம் பால் இல்லை. மதியத்துக்குள் காப்பகத்தில் ஏழு பேருக்கு வாந்தி. பாய் மேலே, படிக்கட்டில், ஒருத்தன் செருப்பு ஸ்டாண்டுக்குள். வந்து வந்து குழந்தைகளை அள்ளிக்கொண்டு போனார்கள்.

வாண்டுவுக்குத்தான் மோசம். உப்புச் சர்க்கரைத் தண்ணீரை ஸ்பூனில் கொடுக்கக் கொடுக்கத் துப்பினாள். உதடு காய்ந்து ஒட்டிக்கொண்டது. அழுகிறாள், கண்ணீர் வரவில்லை. வருடக்கணக்காக இந்த வரியைத்தானே படிவங்களில் எழுதி வருகிறேன் – 'அழும்போது கண்ணீர் இல்லை'. எழுதும்போது அது ஒரு கட்டம். அவ்வளவுதான். இன்னிக்கு அது வாண்டு மூஞ்சி. டிரிப்ஸ் போடணும், போடணும்னு தெரியுது, ஆனா வண்டிச் சாவி எங்கன்னு தெரியல. கையிலயே இருந்தது.

எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். சாயங்காலத்துக்குள் முகம் தெளிந்தது. முதல் கேள்வி: "அத்தை, என் வயித்துல பூச்சி இருக்கா?"

"பூச்சியை விட சின்னது."

"எறும்பா?"

"அதை விடச் சின்னது."

"எறும்போட பாப்பாவா?"

வைரஸியலில் இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மிஸ் சிரிக்கவில்லை. வாண்டுவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பிப்ரவரி 19, வியாழன்

வாண்டுவின் புதுச் சாம்பிளில் நோரோ. பதினொன்றில் இருந்த அதே வகை.

போன சனிக்கிழமை 'இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாவே' என்று சொன்னேனே. வருஷம் முழுக்கக் கை கழுவு, கை கழுவு என்று கத்துகிறவள், உண்மையாகக் கத்த வேண்டிய அன்றும் அதே மாதிரிதான் கத்தியிருக்கிறேன். அவளுக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?

பிப்ரவரி 20, வெள்ளி

வாண்டு வீடு திரும்பினாள். கையில் பிளாஸ்திரி, அதை எடுக்க விடமாட்டேன் என்கிறாள், காட்டுவதற்கு வேண்டுமாம்.

காட்ட ஆள்தான் இல்லை. காப்பகம் இரண்டு நாளாகப் பூட்டிக் கிடக்கிறது. மிச்சக் குழந்தைகளும் வீட்டில் படுத்துவிட்டன, குட்டி ஆபீசரைத் தவிர. அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் மிஸ்ஸின் சமையலறையைக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள். வங்கி அம்மாதான் வக்கீல். அவருடைய வாதத்தை மிஸ் எனக்குப் படித்துக் காட்டினாள்: "எங்க பொண்ணு ஒருத்திதான் அங்க சாப்பிடறதில்ல. அவ ஒருத்திக்குத்தான் ஒண்ணும் ஆகல. இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்?"

எவ்வளவு அழகான வாதம். என் மாணவர்கள் யாராவது எழுதியிருந்தால் பாராட்டிவிட்டு, தப்பு என்று போட்டிருப்பேன். ஒன்றும் ஆகாததற்குக் காரணம் அவளுக்கு ஏற்கெனவே வந்து போய்விட்டதாகக்கூட இருக்கலாம். சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடிப் பேசப்போகிறார்கள். பிள்ளைகளை நிறுத்திவிடுவதா, தொடர்ந்து அனுப்புவதா என்று. நாலு பேர் போனால் போதும், மிஸ் மூட வேண்டியதுதான்.

பிப்ரவரி 21, சனி

என் வீட்டுக்காரர் கணக்கு ஆசிரியர். எல்லாவற்றுக்கும் ஒரே வரியில் விடை வேண்டும். "வக்கீலம்மா பொண்ணுகிட்டதான் முதல்ல இருந்ததுன்னு சொல்லிடு. முடிஞ்சது கதை."

யாருடையது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. நான் முழிக்கிற முழியிலிருந்து அவராகவே போட்டுக்கொண்ட கணக்கு அது. இருபது வருஷம் கூட வாழ்ந்தால் இப்படித்தான். மனசுக்குள் ஒரு சட்டை பட்டன் போட்டால்கூடத் தெரிந்துவிடும்.

"அதுகிட்டேருந்துதான் வந்ததுன்னு நிச்சயமா சொல்ல முடியாது."

"தொண்ணூறு சதவிகிதம்?"

"அது மூணு வயசுக் குழந்தைங்க."

தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் தட்டை எடுத்தால் ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம்.

மத்தியானம் மிஸ் நேராகவே கேட்டாள். அடுப்பு மேடையைத் தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்: "உங்களுக்குத் தெரியும்ல அண்ணி? எல்லாத்தையும் முன்னாடியே டெஸ்ட் பண்ணீங்கள்ல?"

"தெரியும். சொல்லக் கூடாது."

"சமையல்லேருந்து வரலன்னாவது உங்களால சொல்ல முடியுமா?"

"அதைச் சொல்றேன். நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

தேய்த்த இடத்தையே திரும்பத் தேய்த்தாள். அவள் பிழைப்பு போகப்போகிறது. நான் விதி எழுதிய காகிதத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். நான் செய்வது சரிதானா? சரிதான். அப்படியென்றால் ஏன் சோறு இறங்கவில்லை?

பிப்ரவரி 22, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காப்பகத்து முன்னறையில் பாய்களின் மேலேயே எல்லோரும் உட்கார்ந்தார்கள். அப்பாக்கள் சுவரோரம் நின்றார்கள், எப்போது வேண்டுமானாலும் ஓடிவிடலாம் என்பது போல. குழந்தைகள் நடுவில் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாண்டு பிளாஸ்திரிக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய்வந்தாள்.

நான் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று நினைத்தேன். ஒரு குழந்தை கை கழுவாமல் தொட்ட பொம்மையை இன்னொன்று வாயில் வைத்தால் போதும், இந்த வைரஸ் பரவிவிடும் என்றேன். மற்றவர்கள் சாப்பிட்ட அன்றே, அதே சாப்பாட்டை மிஸ்ஸின் மாமனாரும் – அதாவது என் அப்பாவும் – இரண்டு தட்டு சாப்பிட்டார், அவருக்கு ஏப்பம் தவிர வேறொன்றும் வரவில்லை என்றேன். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் குளிர்ந்துபோய் ஒரு வாக்கியம் அதிகமாகச் சொன்னேன்.

"சமையலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு நான் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. யாருக்கும் உடம்பு சரியில்லாம போறதுக்கு முன்னாடி எடுத்த சாம்பிள்லயே வைரஸ் இருந்தது."

சிரிப்பு நின்றது.

"யாரோட சாம்பிள்ல?" என்றார் ஓர் அப்பா, சுவரை விட்டு நகர்ந்து.

"அதைச் சொல்ல முடியாதுங்க. காகிதத்துலயே..."

"அப்போ எங்க குழந்தைங்க யார்கூட விளையாடுதுன்னு எங்களுக்குத் தெரிய வேண்டாமா?" இது வங்கி அம்மா. "பேரைச் சொல்லுங்க மேடம். இங்க ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு? யாரா இருந்தாலும் சொல்லுங்க."

யாரா இருந்தாலும். அவர் மடியில் குட்டி ஆபீசர் உட்கார்ந்து கட்டையை நக்கிக்கொண்டிருந்தாள்.

அடுப்பைக் காப்பாற்றப் போய், பன்னிரண்டு பிஞ்சுகளைக் கொண்டுவந்து நடுவில் நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு அம்மாவும் பக்கத்துப் பிள்ளையை ஓரக்கண்ணால் பார்க்கிறார்கள். ஒருத்தர் தன் மகனை இடுப்போடு இழுத்துக்கொண்டார். என்ன படிச்சு என்ன? ஒரு வாக்கியத்தை எங்க நிறுத்தணும்னு தெரியல.

"என் பொண்ணு" என்றாள் மிஸ்.

தண்ணீர் டம்ளர்களோடு உள்ளிருந்து வந்தவள், அவற்றைக் கீழே வைத்துக்கொண்டே சொன்னாள். "எங்க வாண்டுதான். அவகிட்டேருந்துதான் எல்லாருக்கும் போயிருக்கும். அதனாலதான் அவளுக்கே அதிகமாச்சு."

எல்லோரும் வாண்டுவைப் பார்த்தார்கள். வாண்டு பிளாஸ்திரியைக் காட்டினாள்.

வங்கி அம்மா என் பக்கம் திரும்பினார். "அப்படியா மேடம்?"

வாண்டுவின் கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது என் கண் முன்னால் இருக்கிறது. "நான் யார் பேரையும் சொல்ல முடியாதுங்க" என்றேன். எல்லோரும் அதை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டார்கள். விதியை மீறாமலே ஒரு பொய்க்குத் துணை போயிருக்கிறேன்.

"ஐயோ பாவம், குழந்தை" என்றார் வங்கி அம்மா கடைசியில். டிரிப்ஸ் ஏறிய கையோடு நிற்கும் பிள்ளையிடம் யார் சண்டை போடுவார்கள்? தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். இரண்டு வீடுகள் மட்டும் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டன.

எல்லோரும் போனதும் மிஸ்ஸைச் சமையலறையில் பிடித்துக்கொண்டேன். "ஏன் அப்படிச் சொன்ன? உனக்குத் தெரியவே தெரியாதே."

"வேற யார் பேராவது வந்துச்சுன்னா, நாளைக்கு அந்தக் குழந்தை பக்கத்துல யார் அண்ணி உட்காருவா? என் பொண்ணு எப்படியும் என் பக்கத்துலதானே இருக்கப் போறா."

பிறகு டம்ளர்களைக் கழுவிக்கொண்டே, "நீங்க பேசும்போது எல்லாரையும் பார்த்தீங்க, ஒரே ஒரு மடியைத் தவிர" என்றாள். "அடுத்த தடவை எல்லாரையும் பாருங்க. இல்லாட்டி யாரையும் பார்க்காதீங்க."

மார்ச் 3, செவ்வாய்

காப்பகம் நடக்கிறது. பத்துப் பேர். குழாயடியில் சோப்பை ஒரு காலுறைக்குள் போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்; வழுக்கிக்கொண்டு ஓடாது. குழந்தைகள் அதைப் பால் கறப்பது போல இழுத்து விளையாடுகிறார்கள். எப்படியோ, கை சுத்தமாகிறது.

போகும்போது வாண்டு கேட்டாள்: "அத்தை, நான் வைரஸா?"

"யார் சொன்னா?"

"எல்லாரும். என் பக்கத்துல உட்காரக் கூடாதாம். அவங்க அம்மா சொன்னாங்களாம்."

மிஸ் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேட்காதது போல இன்னும் பொடியாக நறுக்கினாள்.

மிஸ்ஸிடம் சொல்லிவிடலாமா – உன் பெண்ணிடம் ஒன்றுமே இருக்கவில்லை என்று? ஒரு குழந்தையிடம் இருந்தது என்று சொல்லக் கூடாத அதே விதி, இன்னொரு குழந்தையிடம் இல்லை என்றும் சொல்ல விடாது. எழுதும்போது இது எனக்குத் தோன்றவே இல்லை.

மார்ச் 5, வியாழன்

விதியிலேயே ஒரு கதவு இருக்கிறது. மொத்தக் கணக்கை எல்லோருக்கும் சொல்வோம்.

துறைத்தலைவரிடம் போய், அதை இப்போதே சொல்ல அனுமதி கேட்டேன். "ஆய்வு முடியட்டுமே, என்ன அவசரம்?" என்றார்.

"ஒரு ஆளுக்கு அவசரம் சார். மூணரை வயசு."

விளக்கினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், திரும்பத் துடைத்தார். மேலே எழுதிக் கேட்கிறேன் என்றார்.

மார்ச் 16, திங்கள்

அனுமதி வந்தது. இவ்வளவு வேகமாக இந்த ஆஸ்பத்திரியில் ஒரு மின்விசிறிகூடப் பழுது பார்க்கப்பட்டதில்லை.

மார்ச் 20, வெள்ளி

சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற நேரத்தில் வாசலில் நின்றேன். இந்த முறை ஒத்திகை பார்த்துவிட்டுப் போனேன். மூன்று வாக்கியம், நான்காவதற்கு இடமில்லை.

"இங்க எடுத்தது பன்னிரண்டு சாம்பிள். அதுல நாலு குழந்தைங்ககிட்ட ஏதாவது ஒரு வைரஸ் இருந்தது. நாலு பேருக்கும் அன்னிக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல."

நிறுத்திவிட்டேன். செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நாலா?" என்றார் வங்கி அம்மா. "ஒண்ணு இல்லையா?"

"நாலு."

"அப்போ மிஸ் பொண்ணு தவிர இன்னும் மூணு பேரா?"

"யார் யாருன்னு சொல்ல முடியாதுங்க."

அவர் மனத்துக்குள் கணக்குப் போடுவது முகத்தில் ஓடியது. வங்கிக்காரர், கணக்கில் விடமாட்டார். குழந்தையின் கையைப் பிடித்தபடி வாசல் வரை போனார். திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்தி, "எங்க பொண்ணாவும் இருக்கலாமோ?" என்றார்.

"பன்னிரண்டு பேர்ல யாரா வேணும்னாலும் இருக்கலாம்."

"வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டா வராதுன்னு நினைச்சேன்" என்றார். முதல் தடவையாக அந்தக் குரலில் வக்கீல் இல்லை. யார் வீட்டு அம்மாவுக்கும் இருக்கிற பயம்தான் இருந்தது. எனக்கு அவர் தோளைத் தொட வேண்டும் போலிருந்தது. தொட்டால் அதுவே பதில் ஆகிவிடும். தொடவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

வேலையில் இருக்கும்போது மிஸ் போன் செய்தாள். பேசவே முடியாமல் சிரிக்கிறாள். அழுகிறாளோ என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். காலையில் வங்கி அம்மா வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அந்த நாலுல எங்க பொண்ணும் ஒண்ணா இருக்கும்னு நினைக்கறேன்" என்று சொல்லியிருக்கிறார். ஏதோ பரிசு விழுந்தது போல. "ஒண்ணும் ஆகாம சமாளிச்சிருக்கா பாருங்க, அவ்வளவு தெம்பு." உடனே இன்னொரு அம்மா, எங்க பையனாகவும் இருக்கும், அவனுக்கும் தெம்புதான் என்றாராம். அப்புறம் இன்னொருவர். அன்றைக்குத் தன் மகனை இடுப்போடு இழுத்துக்கொண்டாரே, அவரேதான்.

"நாலு பேருக்குத்தான் இடம் அண்ணி. இதுவரைக்கும் ஏழு பேர் ஏறிட்டாங்க" என்றாள் மிஸ். "நீங்க கொஞ்சம் கூடக் குறைய எண்ணியிருக்கக் கூடாதா?"

"ஆராய்ச்சிக் கணக்கு அது. மாத்த முடியாது."

"என்ன ஆராய்ச்சியோ! என் பொண்ணு உங்ககிட்ட ஏதோ புகார் சொல்லணுமாம். இருங்க."

போன் கை மாறியது. மூக்கு உறிஞ்சும் சத்தம்.

"அத்தை."

"சொல்லுடி."

"இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தன். ரெண்டு பேரும் நசுக்கறாங்க. தள்ளி உட்காரச் சொல்லு."

சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டேன்.